அரசனுக்கும் குடிகளுக்கும் நடுவே 3,000 மைல்

பௌதிகம் படிப்பவனுக்குச் சரித்திரத்தில் என்ன வேலை என்று சங்க நண்பர்கள் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. ஆயினும் அமெரிக்கக் குடியேற்ற நாடுகள் இங்கிலாந்து மன்னனை எதிர்த்து விடுதலை பெற்ற வரலாற்றைப் படிக்கும்பொழுதெல்லாம், சரித்திர நூல்கள் ஒரு வரியில் தாண்டிச் சென்றுவிடும் ஒரு பொருள் என் கண்ணில் படுகிறது. அதுதான் தூரம். வரி, தேயிலை, வாஷிங்டன் என்று பள்ளியில் நாம் படித்தவை யாவும் உண்மையே. ஆனால் லண்டனுக்கும் பாஸ்டனுக்கும் நடுவே கிடந்த 3,000 மைல் கடலை மறந்துவிட்டால் அந்தக் கதை விளங்காது என்பது என் கட்சி.

முதலில் ஒரு சிறு சம்பவம். 1760-களின் இறுதியில் லண்டனில் ஒரு புகார் எழுந்தது. ஃபால்மத் துறைமுகத்திலிருந்து நியூயார்க் செல்லும் தபால் கப்பல்கள், ரோட் தீவுக்குச் செல்லும் வியாபாரக் கப்பல்களைவிட ஏறக்குறைய இரண்டு வாரம் தாமதமாகப் போய்ச் சேர்கின்றன, காரணம் யாது? குடியேற்ற நாடுகளின் தபால் அதிகாரியான பெஞ்சமின் பிராங்க்ளினிடம் கேள்வி வந்தது. மின்னலை ஆராய்ந்த அதே பிராங்க்ளின்தான். அவர் தம் உறவினரான திமோத்தி ஃபோல்ஜர் என்ற கப்பல் தலைவரை விசாரித்தார். நான்டக்கெட் தீவினரான ஃபோல்ஜர், திமிங்கில வேட்டையில் பழகியவர். அமெரிக்கக் கரையை ஒட்டி வடகிழக்காக ஒரு வெப்ப நீரோட்டம், கடலுக்குள் ஓடும் ஆறு போலப் பாய்கிறது. திமிங்கிலங்கள் அதன் ஓரங்களில் திரிவதால் வேட்டைக்காரருக்கு அதன் போக்கு மனப்பாடம். தபால் கப்பல்களோ அதனை எதிர்த்து ஏறித் திணறுகின்றன என்று அவர் விளக்கினார். ஃபோல்ஜர் குறித்துக் கொடுத்த படத்தைப் பிராங்க்ளின் அச்சிடச் செய்து ஃபால்மத்துக்கு அனுப்பினார். தபால் கப்பல் தலைவர்கள் அதைச் சட்டை செய்யவில்லை. அமெரிக்க மீன்பிடிகாரர்கள் சொல்லி இங்கிலாந்து மாலுமிகள் கேட்பதா?

பின்னால் வந்த சண்டை முழுவதும் இந்தச் சிறு சம்பவத்துக்குள் அடங்கிக் கிடப்பதாக எனக்குத் தோன்றுவதுண்டு. அங்கே வாழ்பவனுக்குத் தெரிந்தது, இங்கே ஆள்பவனுக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள மனமும் இல்லை.

1763-இல் பிரான்சுடன் நடந்த ஏழாண்டுப் போர் முடிந்தபோது இங்கிலாந்தின் தலைமேல் பெருங்கடன் இருந்தது. அதில் ஒரு பங்கைக் குடியேற்ற நாடுகள் சுமக்கட்டும் என்று பார்லிமெண்டு கருதி, 1765-இல் முத்திரை வரி விதித்தது. பத்திரம், செய்தித்தாள், ஏன், சீட்டுக்கட்டுக்குக் கூட வரி! எதிர்ப்பு வலுக்கவே மறு ஆண்டே அதனை நீக்கியது. நீக்கிய கையோடு, உங்களுக்காக எந்தச் சட்டமும் இயற்றும் உரிமை எமக்கு உண்டு என்று தனியே ஒரு சட்டமும் செய்து வைத்தது. பணம் எவ்வளவு என்பதன்று வழக்கு. யார் தீர்மானிப்பது என்பதே வழக்கு. எங்கள் பிரதிநிதி இல்லாத சபை எங்கள் பையில் கைவிடலாகாது என்றனர் குடியேறியவர்கள். பிரதிநிதிகளை அனுப்பி வைத்தால் தீராதா என்று கேட்கலாம். தொகுதிக்கு ஒரு கடிதம் எழுதிப் பதில் பெற மூன்று மாதமாகும் பிரதிநிதியால் யாருக்கு என்ன பயன்? இந்தக் கடல் தூரத்தை எந்த ஆட்சித் திறமையாலும் ஒழிக்க முடியாது என்பதை 1775-இல் எட்மண்ட் பர்க் பார்லிமெண்டிலேயே எடுத்துரைத்தார். கேட்டவர் சிலரே.

தேயிலைக் கதையில் நம் நாட்டுக்கும் ஓர் இடம் உண்டு. 1773 டிசம்பர் 16 இரவு பாஸ்டன் துறைமுகத்தில் 342 பெட்டித் தேயிலை கடலில் கொட்டப்பட்டது. அது நம் கிழக்கிந்தியக் கம்பெனியின் சரக்கு. இந்தியத் தேயிலை என்று சிலர் எண்ணுகின்றனர். அன்று, அது சீனத் தேயிலை. அசாமில் தோட்டங்கள் தோன்ற இன்னும் அறுபது ஆண்டுக்கு மேல் இருந்தது. ஆனால் கம்பெனி அமெரிக்காவில் சரக்கைத் தள்ளிவிட முனைந்ததற்கு ஒரு காரணம், 1772-இல் அது திவாலாகும் நிலைக்கு வந்திருந்ததே. அதற்கு இரண்டாண்டு முன்னர் வங்காளத்தை ஒரு கொடும் பஞ்சம் சூறையாடியிருந்தது. அந்தச் செய்தி அமெரிக்காவையும் எட்டியது. பென்சில்வேனியாவின் ஜான் டிக்கின்சன் 1773-இல் புனைபெயரில் வெளியிட்ட கடிதம் ஒன்றில், வங்காளத்தில் மக்கள் பட்டினியால் மடிந்ததைச் சுட்டிக்காட்டி, அதே கம்பெனி இப்போது நம்மிடம் வருகிறது என்று எச்சரித்தார். முகம் பார்த்திராத வங்காளக் குடியானவனின் சாவு பிலடெல்பியாவில் ஒரு வாதமாக ஆனது! நம் பாடநூல்களில் இதற்கு ஒரு வரியாவது ஒதுக்கியிருக்கலாம்.

1775 ஏப்ரல் 19-இல் லெக்சிங்டனில் முதல் வேட்டு வெடித்தது. அடுத்து நடந்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. தளபதி கேஜ் தம் அறிக்கையைச் சரக்கேற்றிய ஒரு கப்பலில் லண்டனுக்கு அனுப்பினார். மாசசூசெட்ஸ் மக்கள் சபையோ, கண்ணால் கண்டவர்களிடம் சத்தியப் பிரமாண வாக்குமூலங்கள் வாங்கி, ஜான் டெர்பி என்பவரிடம் கொடுத்து, ‘குவேரோ’ என்ற சிறு பாய்க்கப்பலில் சரக்கே ஏற்றாமல் ஓட்டச் சொன்னது. கேஜின் கப்பல் சில நாள் முன்னதாகவே கிளம்பியிருந்தும், டெர்பி மே 28-இல் லண்டனை அடைந்தார். அரசாங்கத்தின் சொந்த அறிக்கை வந்து சேர மேலும் ஏறக்குறைய இரண்டு வாரமாயிற்று. அதுவரை அமைச்சர்கள் மறுக்கவும் முடியாமல், ஒப்பவும் முடியாமல் தவித்தனர். கடலின் தூரம் இருவருக்கும் ஒன்றே. அதை அளந்து வைத்திருந்தவர்கள் ஒரு பக்கத்தார் மட்டுமே.

இதனால் புரட்சிக்காரர்கள் எளிதில் வென்றனர் என்று எண்ணிவிட வேண்டா. 1775 ஆகஸ்டில் வாஷிங்டன் வெடிமருந்துக் கிடங்கைக் கணக்கெடுத்தபோது இருந்தவை 36 பீப்பாய்கள். ஆளுக்கு ஒன்பது வேட்டுக்குக் கூடக் காணாது. வெடிமருந்தில் முக்கால் பங்கு வெடியுப்பு. பிரிட்டனுக்கு அது பீகாரிலிருந்து கம்பெனிக் கப்பல்களில் மூட்டை மூட்டையாகச் சென்றது. அமெரிக்கருக்கு அந்த வசதி ஏது? வெடியுப்புக் காய்ச்சும் முறையைச் சிறு பிரசுரமாக அச்சிட்டு ஊரெங்கும் கொடுத்தனர். போதவில்லை. போரின் முதல் இரண்டரை ஆண்டில் அவர்கள் சுட்ட மருந்தில் பத்தில் ஒன்பது பங்கு வெளியிலிருந்து வந்த மருந்தும், வெளியிலிருந்து வந்த வெடியுப்பில் செய்த மருந்துமே. பெரும்பாலும் பிரெஞ்சுச் சரக்கு. 1775 முதல் பிரான்சின் வெடிமருந்து நிர்வாகத்தில் அமர்ந்து அதன் தரத்தை உயர்த்தியவர், நம் ரசாயன நண்பர்களின் குலகுருவான லவாசியே!

1776 ஜூலை 4-இல் சுதந்திரப் பிரகடனம் வந்தது. பிரிட்டன் பெரும்படையை அனுப்பியது. அந்தப் படைக்கு மாவும் உப்பிட்ட இறைச்சியும் அயர்லாந்தின் கார்க் துறைமுகத்திலிருந்து கடல் கடந்து வரவேண்டியிருந்தது. உத்தரவுகளும் அவ்விதமே வந்தன. 1777-இல் கனடாவிலிருந்து தெற்கே இறங்கும் பர்காயினின் திட்டத்தையும், பிலடெல்பியாவைப் பிடிக்கச் செல்லும் ஹவ்வின் திட்டத்தையும் லண்டனில் இருந்த அமைச்சர் ஜெர்மெயின் அனுமதித்தார். இரண்டையும் இணைக்க மறந்தார். அங்கே ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தால் ஒரு மணி நேரத்தில் தீரும் சங்கதி. பர்காயின் தனித்து நின்று, அக்டோபர் 17-இல் சரடோகாவில் சரணடைந்தார். டிசம்பரில் செய்தி பாரிசுக்கு எட்டியது. 1778 பிப்ரவரியில் பிரான்ஸ் உடன்படிக்கை செய்துகொண்டது.

பிரெஞ்சுக் கடற்படை வந்த பிறகு கடல் கட்சி மாறிற்று. 1781 செப்டம்பரில் டி கிராஸ் செசபீக் விரிகுடாவின் வாயை அடைத்தார். யார்க்டவுனில் சிக்கிய காரன்வாலிஸ் அக்டோபர் 19-இல் 7,000-க்கு மேற்பட்ட வீரருடன் சரணடைந்தார். ஒரு முடியரசை வீழ்த்த இன்னொரு முடியரசின் கப்பல்கள் வேண்டியிருந்தன. குடியேற்ற நாடுகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் அடிமை நீக்ரோ மக்கள் என்று அன்றைய ஏடுகள் கணக்கிட்ட ஆப்பிரிக்கர். அந்த விடுதலை அவர்களுக்கு வரவில்லை. இவ்விரண்டையும் சொல்லாமல் இந்த வெற்றியைப் புகழ்வது எனக்கு உவப்பில்லை.

காரன்வாலிஸை நமக்குத் தெரியும். 1786-இல் கவர்னர் ஜெனரலாக வந்து, 1792-இல் திப்புவைப் பணியவைத்தவர். 1805-இல் காஜிப்பூரில் இறந்தார். காசியில் படிக்கும் நமக்கு அது பஸ்ஸில் போய் மாலைக்குள் திரும்பும் தூரம். சென்ற குளிர்காலத்தில் போய்ப் பார்த்தேன். பெரிய கல்லறை, உள்ளே சலவைக்கல்லில் அவர் உருவம், துக்கம் காக்கும் நம் நாட்டாரின் உருவங்கள். யார்க்டவுனைத் தோற்றவருக்குக் கங்கைக் கரையில் இத்தனை மரியாதை.

இன்னும் ஒன்று உண்டு. அமெரிக்காவில் தொடங்கிய அந்தப் போரின் கடைசிச் சண்டைகளில் ஒன்று நடந்த இடம் நம் கடலூர். 1783 ஜனவரி 20-இல் பிரிட்டனும் பிரான்சும் வெர்சேல்ஸில் பூர்வாங்க சமாதானத்தில் கையெழுத்திட்டுவிட்டன. செய்தி நம் கரைக்கு வந்து சேரவில்லை. ஜூன் 13-இல் ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டின் படை கடலூரில் இருந்த புஸ்ஸியின் பிரெஞ்சுப் படையைத் தாக்கியது. ஆங்கிலேயர் பக்கம் மாண்டவரும் காயம்பட்டவரும் ஏறத்தாழ ஆயிரம் பேர். சென்னைச் சிப்பாய்களும் அவர்களுள் அடக்கம். 20-ஆம் தேதி கடலில் சுப்ரானும் ஹியூஸும் மோதினர். 25-இல் மீண்டும் ஒரு சண்டை. ஜூன் இறுதியில்தான் ‘மீடியா’ என்ற கப்பல் வெள்ளைக்கொடி கட்டிக்கொண்டு வந்து, சமாதானம் ஆகி ஐந்து மாதமாகிறது என்று தெரிவித்தது.