மத்தாப்புப் பொறியைப் பின்தொடரும் கண்

தீபாவளி வந்தால் நம் பிள்ளைகள் முதலில் கேட்பது கம்பி மத்தாப்பு. எதிர்வீட்டுக் கன்னடப் பிள்ளைகளுக்கு அது சுர்சுர் பத்தி. பெரியவர்கள் சொல்வதோ ஒன்றுதான்: "இது வெடிக்காது, பயப்படாம புடிச்சுக்கோ." இது எவ்வளவு தூரம் சரி? ஒரு பொறியின் பின்னாலேயே போய்ப் பார்ப்போம்.

மத்தாப்பு மருந்தில் இரும்புத்தூள், அலுமினியத்தூள், ஆக்சிஜன் தரும் உப்பு, பசை ஆகியவை உண்டு. அலுமினியம் வெள்ளொளி தருகிறது. பறக்கும் பொறி ஒவ்வொன்றும் தனியே எரிந்துகொண்டே செல்லும் இரும்புத் துகள். சில பொறிகள் நடுவழியில் நட்சத்திரமாகக் கிளைக்கின்றனவே, ஏன்? இரும்பிலுள்ள கார்பன் வாயுவாக மாறி, உருகிய துளியை உள்ளிருந்து உடைக்கிறது. பட்டறையில் எஃகைச் சாணைக்கல்லில் வைத்துப் பொறியைப் பார்த்தே அதன் கார்பன் அளவைக் கணிப்பதும் இதை வைத்துத்தான்.

நம் கண்ணுக்கு இவை வெறும் ஒளிக்கோடுகள். அதிவேகப் படக்கருவிக்கோ அந்தக் கோடே அளவுகோல். மூடி ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம் திறந்திருக்கையில் ஒரு பொறி 5 மில்லிமீட்டர் கோடு இழுத்தால், அதன் வேகம் நொடிக்கு 5 மீட்டர். அடுத்தடுத்த படங்களை ஒப்பிட்டால் அது எங்கே வேகம் குறைகிறது என்பதும் புரியும். ஆனால் பொறி நம்மை நோக்கி வருகிறதா, விலகிப் போகிறதா என்பதை ஒரே கருவியால் சொல்வது கடினம். நம் இரு கண்களைப் போல் இரண்டு கருவிகளை வேறு வேறு கோணத்தில் வைத்தால் ஆழமும் கிடைக்கும். சிவப்பு, பச்சை ஒளிகளின் விகிதத்திலிருந்து வெப்பநிலையையும் கணக்கிடலாம். ஜப்பானின் 'சென்கோ ஹனாபி' என்ற சிறு மத்தாப்பை இப்படிப் படமெடுத்து ஆராய்ந்து 2017-இல் ஒரு கட்டுரை வெளியானது. துளி உடைந்து, அதன் சிதறல்களும் மறுபடி உடைவதை அது காட்டியது.

சரி, இரும்புப் பொறியின் வெப்பநிலை ஆயிரம் டிகிரி செல்சியஸைத் தாண்டுமே, கையில் பட்டால் ஏன் சுருக்கென்று மட்டும் இருக்கிறது? துகள் மிகச் சிறியது. அதிலுள்ள மொத்த வெப்பம் கொஞ்சம். ஆனால் கருவிழி உள்ளங்கைத் தோல் அல்லவே! அதற்கு அந்தக் கொஞ்சமே அதிகம். குவித்து வைத்த மருந்துக்கும் அப்படித்தான். 2023 அக்டோபர் 7 அன்று அத்திபெலேயில் பட்டாசுக் கடையில் மூண்ட தீ பதினான்குக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. அவர்களில் பெரும்பாலோர் தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்தவர்கள். பட்டாசு மருந்து எவ்வளவு வேகமாகப் பற்றும் என்பதை மறக்கவே கூடாது.

தீபாவளி தோறும் மின்டோ கண் மருத்துவமனைக்கு வருபவர்களில் வேடிக்கை பார்த்தவர்களும் உண்டு. ஆகவே மத்தாப்பைக் கை நீட்டிப் பிடிக்கச் சொல்லுங்கள். குனிந்து பார்க்க விடாதீர்கள். எரிந்த கம்பியைத் தண்ணீர் வாளியில் போடுங்கள். கண்ணில் பொறி பட்டால் கசக்காமல் உடனே மருத்துவரிடம் போங்கள். இந்த முறை தள்ளி நின்று, கைபேசியில் மெதுவியக்கப் படம் எடுத்துப் பிள்ளைகளுக்குக் காட்டுங்களேன். பொறி எவ்வளவு தூரம் வருகிறது என்று கண்ணால் பார்த்த பிள்ளைக்கு, "தள்ளி நில்லு" என்று இன்னொரு தடவை சொல்ல வேண்டியிருக்காது.