ஒன்றரை அரிசி எடை

அமெரிக்காவின் அர்கன்சாஸ் மாநிலத்தில், பென்டன்வில்லில் வேலை பார்க்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “பக்கத்திலேயே பீவர் ஏரி. கோடையில் பாஸ் மீன் தாராளமாகக் கடித்தது. டிசம்பர் பிறந்ததிலிருந்து ஒன்றுகூடச் சீண்டவில்லை. குளிர்காலத்துக்கென்று விற்கும் செயற்கை இரைகளில் எதை வாங்கலாம்?”

வாங்க வேண்டியது ‘சஸ்பெண்டிங் ஜெர்க்பெயிட்’. விரல் நீளம், சின்ன மீன் வடிவம், வயிற்றில் தொங்கும் மும்முனைத் தூண்டில் முள், உள்ளே காற்றறை. இழுப்பதை நிறுத்தினால் இது மேலே மிதந்து வராது, கீழேயும் மூழ்காது. விட்ட இடத்தில் அந்தரத்தில் நிற்கும். மீனால் மறுக்கவே முடியாத நிறம், மயக்கும் வாசனை என்று அட்டையில் அச்சிட்டிருப்பதற்காக ஒரு டாலர்கூட அதிகம் தர வேண்டாம். குளிர்ந்த நீரில் காரியத்தை நடத்துவது அந்த நிற்றல்தான். அது எவ்வளவு நுட்பமான வித்தை என்று கணக்குப் போட்டுப் பார்த்ததிலிருந்து எனக்கு வேறு எதிலும் மனம் ஓடவில்லை.

முதலில் மீனின் நிலைமை. பாஸின் உடல் வெப்பம் நீரின் வெப்பம்தான். பத்து டிகிரி குறைந்தால் உடலுக்குள் நடக்கும் வேதிவினைகளின் வேகம் ஏறக்குறைய பாதியாகும் என்பது பொதுவான விதி. 25 டிகிரியில் இருந்த ஏரி 5 டிகிரிக்கு வந்தால், மீனுக்கு வேண்டிய தீனி கால்வாசிதான். விழுங்கியது செரிக்கவே பல நாள் ஆகும். தசையும் மந்தம். கோடையில் துரத்திப் பிடித்த இரையை இப்போது துரத்தினால், வரவைவிடச் செலவு கூடும். ஆனால், முகத்துக்கு நேரே ஓடமுடியாமல் நிற்கும் இரையை அது விடுவதில்லை.

அப்படி நிற்கும் இரை அந்த ஏரியில் நிஜமாகவே உண்டு. த்ரெட்ஃபின் ஷாட் என்ற வெள்ளி நிறப் பொடிமீன், நம் மத்திக்குத் தூரத்து உறவு. வெப்பப் பகுதிகளில் பிறந்து வளர்ந்த இனம் என்பதால் குளிர் தாங்காது. நீர் 7 டிகிரிக்கு அருகே இறங்கியதும் தள்ளாடும். 5-ஐ நெருங்கும்போது கூட்டம் கூட்டமாகச் சாகும். சாகப்போகும் மீன் இரண்டு துடி துடிக்கும், நிற்கும், மறுபடி ஒரு துடி, மறுபடி நீண்ட அமைதி. தூண்டில்காரர் செய்ய வேண்டியதும் அதுதான். கோலை இரண்டு முறை சுண்டிவிட்டு, நரம்பைத் தளர்த்தி, பத்து, இருபது, சில நாள் முப்பது விநாடிகூடக் கையைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டும். இலையுதிர் காலத்தில் கதை வேறு: நீர் இன்னும் 15 டிகிரிக்கு மேல் இருக்கும், ஷாட் கூட்டம் ஓடை முகங்களுக்குள் நுழையும், பாஸும் பின்னாலேயே போகும். அப்போது வேகமாக இழுக்கும் கிராங்க்பெயிட், ஸ்பின்னர்பெயிட் போன்ற செயற்கை இரைகள் எல்லாம் எடுபடும்.

அடிபட்ட மீனைப் போல ஆடும் இரைக்கு வரலாறு என்று கேட்டால், பின்லாந்தின் லவுரி ராப்பாலாவைச் சொல்லலாம். 1936-இல் தக்கையைச் செதுக்கி, மேலே பளபளக்கும் தாளைச் சுற்றி ஒன்று செய்தார். வரலாறு இத்தனை போதும். எனக்கு அந்த நிற்றலுக்குத் திரும்ப வேண்டும்.

வீட்டில் ஒரு எவர்சில்வர் டப்பாவை எடுத்துக்கொள்ளுங்கள். நீர் புகாத மூடியாக இருக்கட்டும். தண்ணீர் நிரம்பிய பாத்திரத்தில் மிதக்கவிட்டு, உள்ளே அரிசியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தால் ஒரு கட்டத்தில் டப்பா நடுநீரில் நிற்கும். ஓர் அரிசி எடுத்தால் மெல்ல ஏறும், ஓர் அரிசி சேர்த்தால் மெல்ல இறங்கும். இப்போது பாத்திரத்தை அப்படியே ஃபிரிட்ஜுக்குள் வையுங்கள். 20 டிகிரியில் ஒரு லிட்டர் நீர் 998.2 கிராம், 4 டிகிரியில் ஏறத்தாழ 1,000 கிராம். நீர் அடர்ந்துவிட்டதால் டப்பா மேலே வரும். அதே சோதனையைப் பிளாஸ்டிக் டப்பாவில் செய்தால் அது கீழே போகும்! குளிரில் எவர்சில்வர் மிகக் கொஞ்சம்தான் சுருங்கும். பிளாஸ்டிக் அதைப்போலப் பல மடங்கு சுருங்கும். சுருங்கிய டப்பா விலக்கும் நீரும் குறையும்.

இதைத் தூண்டில் இரைக்குப் போட்டுப் பார்த்தேன். 15 கிராம் எடை, ஏபிஎஸ் பிளாஸ்டிக் உடல், 20 டிகிரி நீரில் அசையாமல் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். 4 டிகிரியில் நீரின் அடர்த்தி அதைச் சுமார் 27 மில்லிகிராம் அளவுக்கு மேலே தள்ளும். உடல் சுருங்கியதால் சுமார் 57 மில்லிகிராம் கீழே இழுக்கும். மிச்சம் 30 மில்லிகிராம் கீழ்நோக்கி. ஒன்றரை அரிசி எடை! ‘குளிர்ந்த நீர் அடர்த்தியானது, அதனால் இரை மேலே மிதக்கும்’ என்று பலரும் சொல்லும் விளக்கம் பாதி உண்மைதான். மற்றப் பாதி பிளாஸ்டிக்குக்குள் இருக்கிறது.

அதனால் அட்டையில் ‘சஸ்பெண்டிங்’ என்று போட்டிருப்பது எந்த வெப்பநிலைக்கு என்று கேட்க வேண்டும். கேட்பதைவிடச் சோதிப்பது நல்லது. மீன் பிடிக்கப்போகும் அதே நரம்பில் கட்டி, அதே நீரில் காலடியில் இறக்கி, சில நிமிடம் ஊறவிட்டுப் பாருங்கள். ஏறினால் வயிற்றில் மெல்லிய ஈயப் பட்டையைத் துணுக்குத் துணுக்காக ஒட்டலாம். இறங்கினால் முள்ளை ஓர் அளவு சின்னதாக மாற்றலாம். நரம்பையும் மறக்க வேண்டாம்: ஃப்ளூரோகார்பன் நரம்பு நைலானைவிட நன்றாக மூழ்கும், இரையின் மூக்கையும் சேர்த்து இழுக்கும். மூக்கு லேசாகத் தாழ்ந்து நிற்பதையே அனுபவஸ்தர்கள் பலரும் விரும்புகிறார்கள்.

இந்தத் தராசு மீனுக்குள்ளும் இருக்கிறது. பாஸ் நடுநீரில் நிற்பது காற்றுப்பையால். அந்தப் பையிலிருந்து வாய்க்குக் குழாய் கிடையாது. காற்றைக் கூட்டவும் குறைக்கவும் ரத்தத்தின் வழியாகத்தான் முடியும், அதற்கு நேரம் பிடிக்கும். எனவே ஓர் ஆழத்தில் சமன் கண்ட மீன் சட்டென்று பல மீட்டர் ஏறுவதில்லை. இரைதான் அதன் ஆழத்துக்குப் போக வேண்டும். 10 மீட்டர் ஆழத்திலிருந்து இழுத்து மேலே கொண்டுவந்தால் பைக்குள் இருக்கும் காற்று இரண்டு மடங்காக விரியும். திரும்ப விட்டாலும் மீன் வயிறு மேலாகத் தத்தளிக்கும், கீழே போக முடியாது. பென்டன்வில் நண்பரே, பிடித்ததை உயிரோடு விடும் எண்ணம் இருந்தால், அவ்வளவு ஆழத்தில் தூண்டிலை இறக்காதீர்கள். ஜெர்க்பெயிட் போகும் இரண்டு, மூன்று மீட்டர் போதும்.