ஐடி சப்போர்ட் கோர்ஸ்: காசு கட்டும் முன் ஒரு பத்து நிமிஷம்

மூணாவது வருஷம் முடிஞ்ச லீவுல ஒரு ட்ரெயினிங் சென்டருக்குப் போனேன். கோடிங் நமக்கு செட் ஆகலை, ஐடி சப்போர்ட் பக்கம் போகலாம்னு ஒரு எண்ணம். அங்கிருந்த அக்கா ஒரு நோட்டீஸைக் கொடுத்து, "ஏ பிளஸ், எம்சிஎஸ்இ, சிசிஎன்ஏ மூணும் நாலே மாசத்துல முடிச்சிடலாம் தம்பி. வேலைக்கு நாங்க கேரண்டி. இன்னைக்கே அட்வான்ஸ் கட்டினா பாதி ஃபீஸ்தான்"னு சொன்னாங்க. அம்மா சீட்டு எடுத்த பணத்துல இருந்து ஐயாயிரம் கட்டிட்டு வந்தேன்.

அன்னைக்கு ராத்திரிதான் எம்சிஎஸ்இ-ன்னா என்னன்னு தேடிப் பார்த்தேன். மைக்ரோசாஃப்ட் அந்தச் சான்றிதழை 2021 ஜனவரியிலேயே நிறுத்திவிட்டது! மறுநாள் போய்க் கேட்டதுக்கு, "அட்வான்ஸ் திரும்பக் கிடைக்காதுன்னு ரசீதுலயே போட்டிருக்கே தம்பி" என்றார்கள்.

தப்பு என் மேலயும் இருக்கு. கட்டுறதுக்கு முன்னாடி செய்ய வேண்டிய பத்து நிமிஷ வேலையை, கட்டின பிறகு செஞ்சேன். நீங்க அப்படிச் செய்யக் கூடாதுன்னுதான் இதை எழுதுறேன்.

முதல்ல, எந்த வேலைன்னு முடிவு பண்ணுங்க. ஐடி சப்போர்ட் என்பது ஒரே வேலை இல்லை. எல்1-ல் இருப்பவர் போன், சாட், டிக்கெட்டில் வரும் பிரச்சினைகளை முதலில் கையாள்வார்: பாஸ்வேர்ட் ரீசெட், பிரிண்டர், விபிஎன். அவரால் முடியாதது எல்2-க்குப் போகும். டெஸ்க்டாப் சப்போர்ட் என்றால் நேரில் போய் மெஷினைப் பார்க்கணும். நெட்வொர்க் சப்போர்ட்டுக்கு ரவுட்டர், ஸ்விட்ச் தெரியணும். உங்களுக்குப் பிடிச்ச வேலைக்கான விளம்பரங்கள் ஒரு பத்தைப் படிச்சு, திரும்பத் திரும்ப வர்ற வார்த்தைகளைக் குறிச்சுக்கோங்க. அதுதான் உங்க உண்மையான சிலபஸ்.

அடுத்தது, கோர்ஸ் வேற, சர்டிஃபிகேஷன் வேற. சென்டர் கொடுக்கும் சான்றிதழ், நீங்க வகுப்புக்கு வந்தீங்கன்னு மட்டும்தான் சொல்லும். ஏ பிளஸ் சான்றிதழைக் கொடுப்பது காம்ப்டியா. சிசிஎன்ஏ கொடுப்பது சிஸ்கோ. அவங்க நடத்தும் தேர்வை நீங்க தனியா எழுதணும், தேர்வுக் கட்டணமும் தனி. ஒவ்வொரு தேர்வுக்கும் ஒரு எண் உண்டு. ஏ பிளஸ்ஸுக்கு ரெண்டு தேர்வு: 220-1201, 220-1202. இது 2025 மார்ச்சில் வந்த புதுப் பதிப்பு. சிசிஎன்ஏ-வுக்கு ஒரே தேர்வு, 200-301. ரெண்டு சான்றிதழும் 3 வருஷத்துக்குத்தான் செல்லும்.

எதுக்கு எண்ணைக் கேட்கணும்? அந்த எண்ணைப் போட்டுத் தேடினா, தேர்வில் என்னென்ன வரும்னு அந்த நிறுவனமே போட்டிருக்கும் பட்டியல் இலவசமா கிடைக்கும். நோட்டீஸையும் அதையும் பக்கத்துல பக்கத்துல வைங்க. பழைய சரக்கா, புதுசான்னு உடனே தெரிஞ்சிடும்.

சென்டரில் கேட்க வேண்டியவை:

1. எந்தத் தேர்வு எண்ணுக்குச் சொல்லித் தர்றீங்க?
2. ஃபீஸில் தேர்வுக் கட்டணம் சேர்த்தியா?
3. மொத்த நேரத்தில் லேப் எத்தனை மணி நேரம்?
4. பாதியில் நின்றால் பணம் திரும்ப வருமா? எழுத்தில் தருவீங்களா?
5. "வேலை கேரண்டி" என்றால் வேலையா, வெறும் இன்டர்வியூ அழைப்பா?

ஒரு டெமோ வகுப்பு கேளுங்க. அதில் ட்ரெயினரிடம், "ஒரு பிசி-க்கு நெட் வரலை, ஐபி 169.254-ன்னு ஆரம்பிக்குது. என்ன பண்ணணும் சார்?" என்று கேட்டுப் பாருங்க. டிஎச்சிபி சர்வரிடமிருந்து முகவரி கிடைக்காதபோது விண்டோஸ் தானா எடுத்துக்கொள்ளும் முகவரி அது. நல்ல ட்ரெயினர், "கேபிள் சரியா இருக்கா? பக்கத்து மெஷினுக்கு நெட் வருதா?" என்று ஒவ்வொண்ணா பிரிச்சுப் பார்ப்பார். "ரீஸ்டார்ட் பண்ணுப்பா" என்பதோடு நிறுத்தினால் கிளம்பி வந்துடுங்க.

கடைசியா ஒண்ணு. எங்கேயும் சேர்றதுக்கு முன்னாடி ரெண்டு வாரம் வீட்டிலேயே முயற்சி பண்ணுங்க. விர்ச்சுவல்பாக்ஸ் இலவசம். விண்டோஸ் சர்வரின் 180 நாள் சோதனைப் பதிப்பும் இலவசம். அதில் ஆக்டிவ் டைரக்டரி போட்டு, ஒரு யூசரை உருவாக்கி, அவரை லாக் பண்ணி, திறந்து விடுங்க. நெட்வொர்க் பக்கம் என்றால் சிஸ்கோவின் பேக்கெட் ட்ரேசர் இருக்கு. ரெண்டு வாரத்தில் சலிப்பு வந்தா, பணம் மிச்சம். இன்னும் வேணும்னு தோணினா, எந்த இடத்தில் உதவி வேணும்னு தெரிஞ்சு போய்ச் சேருவீங்க.

நான் இப்போ அப்படித்தான் வீட்டிலிருந்தே சிசிஎன்ஏ-வுக்குப் படிக்கிறேன். அந்த ஐயாயிரம் கதையை அம்மாகிட்ட இன்னும் சொல்லலை. முதல் சம்பளத்தை அவங்க கையில் கொடுத்துட்டுச் சொல்லலாம்னு இருக்கேன்.