அகோவா: ஒரு மலைக்கோட்டையும் இரண்டு மார்கரெட்டுகளும்

கிரேக்க நாட்டின் தென்கோடியிலுள்ள பெலொப்பொனேசஸ் தீபகற்பத்தில், அர்காதியா மலைநாட்டின் மேற்குப் பகுதியில், லாடோன் ஆறு பாயும் நிலத்தருகே இடிந்த மதில்களோடு நிற்கும் அகோவாக் கோட்டை, 13-ஆம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் 1320 வரை பிராங்கியப் பிரபுக்களின் ஆட்சியிடமாக விளங்கியது. பிராங்கியர் என்ற பெயரால் அக்காலக் கிரேக்கர்கள் பிரெஞ்சுக்காரர்களை மட்டுமன்றி, மேற்கு ஐரோப்பாவிலிருந்து வந்த லத்தீன் திருச்சபையினர் பலரையும் குறித்தனர். பாரனி என்பது பாரன் என்னும் பட்டம் தாங்கிய பிரபு, தன் மேலரசருக்குப் படையுதவி செய்யும் கடப்பாட்டின்பேரில் பரம்பரையாக ஆண்டுவந்த நிலப்பகுதியாகும். இத்தகைய பாரனிகள் பன்னிரண்டு பெலொப்பொனேசஸில் இருந்தன. அவற்றுள் அகோவாவின் வரலாறு தனித்துக் கவனிக்கத் தக்கது. அதன் போக்கைத் தீர்மானித்தவை போர்க்களங்களைவிட, வாரிசுரிமை பற்றிய ஒரு வழக்கும், மார்கரெட் என்ற ஒரே பெயர் கொண்ட இரண்டு பெண்களின் வாழ்க்கையுமே ஆகும்.

1204-இல் நான்காம் சிலுவைப்போரின் படைகள், தாம் செல்லவேண்டிய புனிதத் தலங்களை நோக்கிச் செல்லாமல், கிறித்தவப் பேரரசின் தலைநகரான கான்ஸ்டாண்டினோபிளையே தாக்கிக் கைப்பற்றிக் கொள்ளையிட்டன. பைசாந்தியப் பேரரசின் நிலங்கள் வெற்றியாளர்களால் பங்கிடப்பட்டபோது, வில்லியம் தெ ஷாம்ப்ளித், ஜெஃப்ரி தெ வில்லார்துவான் ஆகிய இரு பிரெஞ்சுப் பிரபுக்கள் 1205-இல் சிறிய படையொன்றுடன் பெலொப்பொனேசஸில் நுழைந்தனர். மோரியா என்றும் அழைக்கப்பட்ட அத்தீபகற்பத்தில் அவர்கள் நிறுவிய சிற்றரசே அகாயா. உள்ளூர்க் கிரேக்க நிலக்கிழார்களுக்கு அவர்களது நிலவுரிமையும் ஆர்த்தடாக்ஸ் சமயமும் தொடரும் என உறுதியளித்ததனாலேயே, எண்ணிக்கையில் மிகக் குறைந்த அப்படையினரால் பெரும் நிலப்பரப்பை ஆள முடிந்தது. ஜெஃப்ரியே விரைவில் சிற்றரசர் ஆனார். அவருடைய வழியினரே 13-ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் அகாயாவை ஆண்டனர்.

கைப்பற்றிய நிலம் படைமானியங்களாகப் பகுக்கப்பட்டது. ஒரு குதிரைவீரர் தம் குதிரை, கவசம், ஏவலாள் ஆகியவற்றோடு போருக்கு வந்து நிற்பதற்குப் போதுமான வருவாய் தரும் நிலமே ஒரு படைமானியம். அதற்கு ஈடாக ஒரு வீரரையோ, அவரினும் கீழ்நிலையிலுள்ள இரு குதிரைப்படையாட்களையோ அனுப்ப வேண்டும். மானியம் பெற்றவர் ஆண்டில் நான்கு மாதம் கோட்டைக் காவலிலும் நான்கு மாதம் படையெடுப்பிலும் பணியாற்ற வேண்டும் என்றும், எஞ்சிய நான்கு மாதமே அவருக்குரியது என்றும் மோரியா நாளாகமம் கூறுகிறது. 14-ஆம் நூற்றாண்டில் உருவாகி, கிரேக்கம், பிரெஞ்சு, இத்தாலியம், அரகோனியம் ஆகிய நான்கு மொழிகளில் வெவ்வேறு வடிவங்களாகக் கிடைக்கும் அந்த நூலே இப்பகுதியின் வரலாற்றுக்கு முதன்மைச் சான்று. அதன்படி அகோவாவுக்கு 24 படைமானியங்கள். பாத்ராஸ் துறைமுகத்தை உள்ளடக்கிய பாரனிக்கும் அதே 24. அண்டையிலிருந்த கரித்தேனாவுக்கு 22. தெற்கே லக்கோனியாவிலிருந்த பஸ்ஸவாந்துக்கு வெறும் நான்கு. ஐரோப்பிய அளவில் மிகச் சிறியதாகிய அகோவா, மோரியாவுக்குள் முதல் வரிசையில் நின்றது.

இத்தனை மானியங்கள் ஒரு மலைநாட்டுப் பாரனிக்குக் கிடைத்ததற்குக் காரணம், அருகிலிருந்த ஸ்கோர்தா என்னும் பகுதி. குறுகிய கணவாய்களும் செங்குத்தான சரிவுகளும் நிறைந்த அப்பகுதியின் மக்கள் அந்நிய ஆட்சிக்கு எளிதில் பணியாதவர்கள். பிராங்கியர்களுக்கு எதிராகப் பலமுறை கிளர்ந்தெழுந்தவர்கள். அவர்களைக் கண்காணிக்கத் தெற்கே கரித்தேனாக் கோட்டையும் வடக்கே அகோவாக் கோட்டையும் எழுந்தன. ரோஸியேர் குலத்தைச் சேர்ந்த வால்டர் என்ற பிரபு கட்டிய அகோவாக் கோட்டைக்குப் பிராங்கியர்கள் மாத்தகிரிஃபோன், அதாவது கிரேக்கரைக் கொல்வது எனப் பொருள்படும் பெயரை வழங்கினர். அரை நூற்றாண்டுக்கு மேல் அகோவாவைப் பற்றி ஆவணங்கள் அதிகம் பேசவில்லை. கோட்டை தன் பணியைச் செய்துகொண்டிருந்தது என்றே கொள்ள வேண்டும்.

திருப்பம் வெகு தொலைவில் நிகழ்ந்தது. 1259-இல் மக்கெதோனியாவிலுள்ள பெலகோனியாவில் நடந்த போரில், அகாயாவின் சிற்றரசர் இரண்டாம் வில்லியம் தெ வில்லார்துவான், நைசியாவிலிருந்து ஆண்ட கிரேக்கப் பேரரசர் எட்டாம் மிக்கேல் பலையலோகஸின் படையிடம் தோற்று, தம் பிரபுக்கள் பலரோடு சிறைப்பட்டார். 1261-இல் மிக்கேல் கான்ஸ்டாண்டினோபிளை மீட்ட பின்னர், மொனெம்வசியா, மிஸ்த்ரா, மானி ஆகிய கோட்டைகளைக் கொடுத்தால் விடுதலை என்று பேரம் முடிந்தது. இதை ஏற்பதா என்று முடிவு செய்ய நிக்லி நகரில் கூடிய அவையில், ஆண்களுட் பெரும்பாலோர் சிறைப்பட்டோ இறந்தோ போயிருந்ததால், அவர்களின் மனைவியரும் கைம்பெண்களுமே நிறைந்திருந்தனர். ஆகவே அது பெண்களின் அவை என்றே வரலாற்றில் பெயர் பெற்றது. கோட்டைகளைக் கொடுப்பது நாட்டுக்கே கேடு என்று ஏதென்ஸின் ஆட்சியாளர் கீ தெ லா ரோஷ் எச்சரித்தும், தம் கணவர்களும் மகன்களும் திரும்ப வேண்டுமென்று விரும்பிய அப்பெண்கள் உடன்படிக்கையை ஏற்றனர். அது நிறைவேறும் வரை பிணையாக இரு பெண்கள் கான்ஸ்டாண்டினோபிளுக்கு அனுப்பப்பட்டனர். ஒருவர் தலைமைப் படைத்தலைவரான ஷோதெரோனின் சகோதரி. மற்றவர் பஸ்ஸவாந்துப் பிரபுவின் மகளும், அகோவாப் பாரனுடைய சகோதரியின் மகளுமான மார்கரெட்.

கோட்டைகள் கைமாறின, வில்லியம் ஊர் திரும்பினார். ஆனால் பேரரசருக்கு அவர் கொடுத்திருந்த வாக்குறுதியிலிருந்து போப்பாண்டவர் அவரை விடுவித்துவிட்டதால், ஓரிரு ஆண்டுகளுக்குள் மீண்டும் போர் மூண்டது. தம்மை மீட்பதற்காகச் சென்ற பிணையாளின் நிலை என்னவாகும் என்பது அந்த முடிவில் எடைபோடப்பட்டதற்கு அடையாளமே இல்லை. மார்கரெட் தலைநகரில் தங்கிய ஆண்டுகளில் அவருடைய தந்தைவழி பஸ்ஸவாந்தும் பைசாந்தியர் வசமாயிற்று. ஏறத்தாழ 1273-இல் தாய்மாமனாகிய இரண்டாம் வால்டர் பிள்ளையில்லாமல் இறந்தபோது, அகோவா முறைப்படி அவருக்கே வரவேண்டியிருந்தது. 1275 அளவில் அவர் திரும்பி வந்து தம் உரிமையைக் கோரினார். மோரியாவின் வழக்கச் சட்டப்படி வாரிசுதாரர் குறித்த காலத்துக்குள் நேரில் வந்து மானியத்தைக் கேட்க வேண்டும். கெடு கடந்துவிட்டது, ஆகவே நிலம் அரசுக்கே சேர்ந்தது என்று வில்லியம் மறுத்தார்.

வில்லியமின் பிடிவாதத்துக்குக் குடும்பக் காரணம் இருந்திருக்க வேண்டும். 1267-இல் வித்தர்போ நகரில் செய்த உடன்படிக்கையால் அவர் தம் சிற்றரசின் மேலாண்மையை நேப்பிள்ஸ் அரசர் அஞ்சூ சார்லஸுக்கு விட்டுக்கொடுத்திருந்தார். மூத்த மகள் இசபெல்லா சார்லஸின் மகனுக்கு மணமுடிக்கப்பட்டாள். இளைய மகளுக்கு, அவள் பெயரும் மார்கரெட்டே, கொடுப்பதற்கு அவரிடம் நிலமில்லை. அந்த நேரத்தில் வாரிசின்றிக் கிடந்த 24 மானியங்கள் ஒரு தந்தையின் கண்ணில் எப்படிப் பட்டிருக்கும் என்பதை ஊகிப்பது கடினமன்று.

கணவரை முன்னரே போரில் இழந்திருந்த பஸ்ஸவாந்து மார்கரெட், வழக்கை நடத்த வலிமையான துணை வேண்டுமென உணர்ந்து, செந்தோமேர் குலத்து ஜானை மணந்தார். ஜானின் சகோதரர் நிக்கலஸ் தீப்ஸ் நகரின் பாதியை ஆண்டவர். சட்ட நுணுக்கமும் சொல்வன்மையும் வாய்ந்தவர். 1276-இல் கிளாரென்ட்சாவிலிருந்த பிரான்சிஸ்கன் மடத்தின் ஆலயத்தில் பிரபுக்களின் நீதிமன்றம் கூடியது. அகாயாவின் பிரபுக்கள் சமநிலையாளர் என்ற கோட்பாட்டின்படி, ஒரு பிரபுவின் நிலம் பற்றிய வழக்கைச் சிற்றரசர் தனித்துத் தீர்க்க முடியாது. பிரபுக்கள் கூடியே தீர்க்க வேண்டும். ஆகவே வில்லியம் தம் அதிகாரக் கோலைத் தலைமைச் செயலர் லெனார்ட் தெ வெரோலியிடம் ஒப்படைத்துவிட்டு, தம் கட்சிக்குத் தாமே வழக்காடினார். அரசரொருவர் நீதிமன்றத்தில் வழக்காடுபவராக இறங்கி நின்ற அந்தக் காட்சி, அகாயாவின் சட்ட முறை எந்த அளவுக்கு வேரூன்றியிருந்தது என்பதைக் காட்டுகிறது.

நிக்கலஸின் வாதம் நேரானது: மார்கரெட் தாமதித்தது தம் விருப்பத்தால் அன்று, மேலரசருக்காகவே அவர் சிறையிருந்தார், அந்தச் சேவையையே காரணமாக்கி அவர் உரிமையைப் பறிப்பது அநீதி. வில்லியமின் பதில் சட்டத்தின் எழுத்தைப் பற்றியது. மேலரசர் பகைவரிடம் சிக்கும்போது அவருக்காகப் பிணையிருப்பது மானியதாரரின் கடமை என்பதைச் சட்டமே விதிக்கிறது. கடமையைச் செய்தவருக்குக் கெடுவில் சலுகை உண்டு என்று அதே சட்டம் எங்கும் கூறவில்லை. பிரபுக்களின் மன்றம் வில்லியமுக்கே சாதகமாகத் தீர்ப்பளித்தது.

இந்தத் தீர்ப்பு விதிக்கு உட்பட்டது, நியாயத்துக்கு உட்பட்டதன்று. விதியின் பயனை அடைந்தவரே அந்தத் தாமதத்துக்கும் காரணமானவர் என்ற அடிப்படை உண்மையை மன்றம் கணக்கில் கொள்ளவில்லை. வில்லார்துவான் குலத்தைப் போற்றி எழுதப்பட்ட மோரியா நாளாகமமே இவ்வழக்கை இவ்வளவு விரிவாகப் பதிந்திருப்பதையும், அதன் பின்விளைவை மறைக்காததையும் பார்க்கும்போது, அக்காலத்தவருக்கும் இத்தீர்ப்பு உறுத்தியிருக்க வேண்டும் என்றே தோன்றுகிறது. வில்லியமுக்கும் அது உறுத்தியது. தீர்ப்புக்குப் பின், உரிமையாக அன்றித் தம் கொடையாக, அகோவாவின் மூன்றில் ஒரு பங்கை, எட்டு மானியங்களை, பஸ்ஸவாந்து மார்கரெட்டுக்கு அவர் வழங்கினார். எஞ்சிய இரு பங்கும் கோட்டையும் இளைய மகள் மார்கரெட்டுக்குச் சென்றன. பஸ்ஸவாந்து மார்கரெட்டின் மகனாகிய மூன்றாம் நிக்கலஸ் பின்னாளில் அகாயாவின் படை அதிகாரியாகவும் அந்நாட்டின் மிக வலிய பிரபுக்களுள் ஒருவராகவும் உயர்ந்தார்.

1278-இல் வில்லியம் இறந்தார். அகோவாவின் தலைவி என்றே ஆவணங்களில் அழைக்கப்பட்ட இளைய மார்கரெட், புரோவென்ஸைச் சேர்ந்த இஸ்னார் தெ சப்ரானை 1294-இல் மணந்து இசபெல் என்ற மகளைப் பெற்றார்; இஸ்னார் சில ஆண்டுகளிலேயே இறக்க, கெஃபலோனியாத் தீவின் கோமான் ரிச்சர்ட் ஓர்சினியை மறுமணம் செய்து, அவரையும் சில ஆண்டுகளில் இழந்தார். அக்காள் இசபெல்லா இறந்தபின், தந்தையின் சிற்றரசில் தமக்கும் பங்குண்டு, முழுமையும் இல்லையெனினும் ஐந்தில் ஒன்றாவது வேண்டும் என்று அவர் கோரினார். மேலாண்மை செலுத்திய நேப்பிள்ஸ் அஞ்சூக் குலத்தினர் அதைப் பொருட்படுத்தவில்லை.

எனவே அவர் அஞ்சூக் குலத்தின் எதிரிகளை நாடினார். சிசிலியில் ஆண்ட அரகோனியக் குலத்தைச் சார்ந்து நின்ற மயோர்க்கா இளவரசர் ஃபெர்தினாந்துக்கு 1314-இல் தம் மகள் இசபெல்லை மணமுடித்து, அகாயாவின் மீதான தம் உரிமையையும் மகளுக்கு மாற்றிக் கொடுத்தார். மூன்றாண்டுகளுக்கு முன்தான் காட்டலான் கூலிப்படை ஏதென்ஸ் ஆட்சியை வீழ்த்திக் கைப்பற்றியிருந்தது. ஃபெர்தினாந்தும் சேர்ந்திருந்த அதே இனத்தவரோடு உறவு கொண்டாடுவதை மோரியாப் பிரபுக்கள் துரோகமாகவே கருதினர். திருமணத்தை முடித்துச் சிசிலியிலிருந்து நாடு திரும்பிய மார்கரெட் கைது செய்யப்பட்டார், அகோவா பறிமுதலாயிற்று, வில்லார்துவான் குலம் எழுப்பிய க்லெமூத்ஸிக் கோட்டையிலேயே அவர் அடைக்கப்பட்டு 1315-இன் தொடக்கத்தில் இறந்தார். இம்முறை கெடு, வாதம், பிரபுக்களின் மன்றம் என எதுவும் தேவைப்படவில்லை.

அதே ஆண்டின் வசந்தத்தில் சிசிலியின் கத்தானியாவில் இசபெல் ஒரு மகனைப் பெற்றெடுத்து, சில வாரங்களில் இறந்தாள். மனைவியின் உரிமையை வாளால் நிலைநாட்டப் புறப்பட்ட ஃபெர்தினாந்து கிளாரென்ட்சாவைக் கைப்பற்றினாலும், 1316 ஜூலையில் மனோலதாவில், இசபெல்லாவின் மகள் மகோவின் கணவராகிய பர்கண்டி லூயியின் படையோடு பொருதி மாண்டார். தாயை இழந்த குழந்தையைக் கடல் கடந்து பெர்ப்பிஞானிலுள்ள பாட்டியிடம் ஒப்படைத்தவர், காட்டலான் படையின் கதையை எழுதிய வரலாற்றாசிரியர் ரமோன் முந்தானெர். அக்குழந்தை பின்னர் மூன்றாம் ஹைமே என்ற பெயரில் மயோர்க்காவின் அரசனாகி, தன் நாட்டை மீட்கும் முயற்சியில் 1349-இல் ல்யூக்மயோர் போரில் உயிரிழந்தான்.

வாரிசுப் போரில் வெற்றி பெற்ற லூயியும் சில வாரங்களில் இறந்துபோக, அகாயாவில் நிலையான ஆட்சி இல்லாதொழிந்தது. வில்லியம் தம் விடுதலைக்கு விலையாகக் கொடுத்த மிஸ்த்ராவில், அரை நூற்றாண்டில் பைசாந்திய ஆட்சி வலுவாக வேரூன்றியிருந்தது. அங்கிருந்து ஆண்ட அந்த்ரோனிகஸ் அசேன் 1320-இல் ஸ்கோர்தா மீது படைநடத்தி, அகோவாவையும் கரித்தேனாவையும் ஒரே ஆண்டில் கைப்பற்றினார். பஸ்ஸவாந்து மார்கரெட்டின் வழக்கில் ஆளப்பட்ட வழக்கச் சட்டங்கள் ரொமானியாவின் சட்டத்தொகுப்பு என்னும் பெயரில் பின்னர் எழுத்தில் தொகுக்கப்பட்டபோது, அகோவா பிராங்கியர் கையில் இல்லை.