மண்ணெண்ணெய்ப் பழக்கமும் பெற்றோல் கசிவும்

செவன் கிங்ஸ் போன்ற இடங்களில் எம்மவர் வீட்டு முன்றில்களில் பழைய மோட்டார் சைக்கிள்கள் சில இன்றும் நிற்கின்றன. காபரேற்றரின் கீழ் ஈரம் கண்டால், ஒரு பேணியை அடியில் வைத்துவிட்டு அப்பால் செல்வோர் எம்மிடையே உளர். இப்பழக்கத்தின் வேர் தாயகத்தில் உள்ளது.

1990 ஆம் ஆண்டு போர் மீண்டும் மூண்டபின் யாழ்ப்பாணத்திற்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டது. சில துளி பெற்றோலால் இயந்திரத்தை உயிர்ப்பித்து, பின்னர் மண்ணெண்ணெயில் ஓட்டினோம். கசிந்தால் துணியால் துடைத்தோம். மண்ணெண்ணெய் அதற்கு ஓரளவு இடம் தந்தது. ஏறத்தாழ 38 பாகை செல்சியசுக்கு மேலேயே அதன் ஆவி தீப்பற்றும். பெற்றோலோ பூச்சியத்திற்குக் கீழ் 40 பாகைக் குளிரிலும் தீப்பற்றத்தக்க ஆவியை வெளிவிடும். காற்றிலும் பாரமான அவ்வாவி, தரையோடு தவழ்ந்து அடுப்பின் சுடரைச் சென்றடையவும் கூடும். ஆகவே கசியும் வண்டியை நடைவழியில் நிறுத்துதல் ஒருபோதும் ஆகாது.

கசிவைக் கண்டறிவது எவ்வாறு? வண்டியை வெளியே நிறுத்தி, இயந்திரம் ஆறிய பின், தாங்கியின் கீழுள்ள குழாயை மூடுக. அருகில் சிகரெட்டும் தீயும் வேண்டாம். காபரேற்றரை நன்கு துடைத்து உலரவிட்டு, இயந்திரத்தை இயக்காமலே குழாயைத் திறந்து மேலிருந்து கீழாக அவதானியுங்கள். எரிபொருள் கீழ்நோக்கி ஓடுவதால், ஈரம் சொட்டும் இடம் கசிவு தொடங்கும் இடமாக இருக்க வேண்டியதில்லை.

முதலில் நனைவது இறப்பர்க் குழலின் முனையாயின், குழலை மாற்றினாற் போதும். காபரேற்றரின் அடிக்கிண்ணம் பொருந்தும் விளிம்பு நனைந்தால், அங்குள்ள இறப்பர் வளையம் பழுதாகியிருக்கலாம். கிண்ணத்தின் அடித் திருகாணியையும் பார்க்க வேண்டும்.

மிகை எரிபொருளை வெளியேற்றும் சிறுகுழலிலிருந்து சொட்டினால், குறை பெரும்பாலும் உள்ளே இருக்கும். கிண்ணம் நிரம்பியதும் மிதவை எழுந்து, ஊசி வால்வை அழுத்திப் பெற்றோலை நிறுத்த வேண்டும். ஊசியில் தூசு சிக்கினாலோ அது தேய்ந்தாலோ, மிதவை ஓட்டையாகி அமிழ்ந்தாலோ பெற்றோல் நிற்காது. ஸ்குறூ டிரைவரின் பிடியால் கிண்ணத்தை மெல்லத் தட்டும்போது சொட்டு நின்றால், ஊசி சிக்கியிருந்தது எனக் கொள்ளலாம். ஆயினும் கழற்றித் துப்புரவு செய்வதே தீர்வாகும். மிதவையைக் குலுக்கும்போது உள்ளே திரவ ஒலி கேட்டால், அதனை மாற்ற வேண்டும்.

அச்சிறுகுழலை அடைத்துவிடுவோரும் உளர். அவ்வாறு செய்தால் பெற்றோல் இயந்திரத்தினுள் இறங்கி எண்ணெயுடன் கலக்கும். எண்ணெயில் பெற்றோல் மணம் வீசினால், எண்ணெயை மாற்றாமல் வண்டியை இயக்கலாகாது.

இன்னொரு காரணத்தையும் நோக்க வேண்டும். பிரித்தானியாவில் 2021 செப்டெம்பர் முதல் சாதாரண பெற்றோலில் 10 வீதம் வரை எதனோல் சேர்க்கப்படுகிறது. பழைய வண்டிகளின் இறப்பர்ப் பாகங்கள் சிலவற்றை அது கெடுக்கும். அத்தகைய வண்டிகளுக்கு, எதனோல் குறைந்த உயர்தரப் பெற்றோலே உகந்தது.

இறப்பர் வளையமும் ஊசியும் மலிவானவை. காபரேற்றர் முழுவதையும் மாற்றுமுன் இவற்றைப் பாருங்கள். நீங்களே கழற்றத் துணியாவிடின், கசிவு தொடங்கும் இடத்தையாவது அறிந்து பழுதுபார்ப்பவரிடம் கூறுங்கள். வீண் செலவு குறையும். அதுவரை தாங்கியின் குழாய் மூடியே இருக்கட்டும்.