அச்சம் தேடிய முகம்

1348! ஐரோப்பாவிலே கொள்ளைநோய் கோலோச்சிய ஆண்டு. வீடுதோறும் பிணம், வீதிதோறும் ஓலம்! காரணம்? கற்றவரும் அறியார், மற்றவரும் அறியார். அறியாமை இருட்டு; இருட்டிலே பிறப்பது அச்சம்; அச்சம் தேடுவதோ ஒரு முகம்!

"யூதர்கள் கிணற்றிலே நஞ்சு கலந்தனர்" என்றான் ஒருவன். ஆம் என்றனர் ஆயிரவர். யூதர்களும் இதே நோயால் மடிகிறார்களே என்று எடுத்துரைத்தார் போப்பாண்டவர் ஆறாம் கிளமெண்ட். கேட்டார்களா?

ஸ்ட்ராஸ்பூர்க் நகரிலே யூதரைக் காக்க முனைந்த நகரமன்றத்தையே கவிழ்த்தனர். 1349 பிப்ரவரி 14-ல் நூற்றுக்கணக்கான யூதர்களை நெருப்பிலிட்டனர். அவர்களுக்குத் தரவேண்டிய கடன்களும் தீர்ந்தன! நோயோ, அதன் பிறகுதான் அந்நகருக்கு வந்தது!

ஏன் நம்பினர்? காணாத காரணத்தோடு போரிட இயலாது. கண்ணெதிரே நிற்பவனைத் தண்டிக்கலாம். சதிக்கதை, அறிவுக்கு விளக்கம் அன்று; அச்சத்துக்கு ஆறுதல்!

உண்மைக் குற்றவாளியை 1894-ல் ஹாங்காங்கிலே நுண்ணோக்கி வழியே கண்டார் யெர்சின். அது ஒரு கிருமி!

தம்பி! "அவர்கள்தான் காரணம்" என்று எவனேனும் விரல் நீட்டினால், "சான்று எங்கே?" என்று கேள். நீ மட்டும் கேட்டால் போதாது, ஊரே கேட்க வேண்டும். காக்க வந்த மன்றமே கவிழ்ந்த கதையை மறவாதே!