குளிர்ந்த நீரில் முதல் ஒரு நிமிடம்

கோவையிலிருந்து ஆனைகட்டி வழியாகக் கேரளத்தின் அட்டப்பாடிக்குள் நுழைந்து அகளிக்குப் போனால், பவானியும் சிறுவாணியும் பக்கத்திலேயே ஓடுகின்றன. மழை ஓய்ந்த மாதங்களில் அடியில் கிடக்கும் கூழாங்கல் வரை தெரியும். ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்கு முகக்கண்ணாடியும் ஸ்நார்கெல் குழாயும் கிடைக்கும் காலம் இது. மாட்டிக்கொண்டு மீன்களைப் பார்த்தால் என்ன என்று யாருக்கும் தோன்றும்.

ஆசையில் தவறில்லை. நீர்ப்பரப்பில் மிதந்தபடி அடியுலகைப் பார்ப்பது மறக்க முடியாத அனுபவம்தான். ஆனால் நம்மில் பலர் ஸ்நார்கெலிங்கைப் பழகியது அந்தமானின் ஸ்வராஜ் தீவிலோ, திருகோணமலை அருகே புறாத் தீவிலோ, வெதுவெதுப்பான கடலில். மலையிலிருந்து இறங்கி வரும் குளிர்ந்த தண்ணீரின் குணம் வேறு. அங்கே முதல் ஆபத்து ஆழத்தில் இல்லை, மூச்சில் இருக்கிறது.

குளிர் உடலை என்ன செய்கிறது?

காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாகத் தண்ணீர் உடல் சூட்டை இழுத்துக்கொள்ளும். தோல் திடீரென்று குளிர்ந்ததும் நம்மைக் கேட்காமலே ஒரு பெரிய மூச்சு உள்ளே போகிறது. தொடர்ந்து மேல்மூச்சு வாங்கும், இதயம் படபடக்கும், ரத்த அழுத்தம் எகிறும். இதைக் 'குளிர் அதிர்ச்சி' என்கிறார்கள். முதல் அரை நிமிடத்தில் உச்சத்துக்குப் போய், இரண்டு மூன்று நிமிடங்களில் அடங்கிவிடும். அந்த முதல் மூச்சு இழுக்கும்போது தலை தண்ணீருக்குள் இருந்தால், நன்றாக நீந்தத் தெரிந்தவருக்கும் நுரையீரலுக்குள் தண்ணீர் போய்விடும்.

இதற்குப் பனிக்கட்டித் தண்ணீர்தான் வேண்டும் என்றில்லை. 15 டிகிரி செல்சியசுக்குக் கீழே அதிர்ச்சி மிகக் கடுமை. 25 டிகிரிக்குக் கீழே இறங்கினாலே அதன் சாயல் தொடங்கிவிடும்.

அடுத்த கட்டத்தில் கைகால் ஒத்துழைக்காது. விரல்கள் விறைக்கும், பிடி நழுவும். உடலின் உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே போகும் 'தாழ்வெப்பநிலை' இதற்கெல்லாம் பிறகுதான் வருகிறது. பனிபோன்ற தண்ணீரிலும் அதற்கு அரை மணி நேரம் வரை ஆகலாம். எல்லோரும் பயப்படுவது அதற்கு; ஆளை முதலில் மடக்குவதோ முதல் ஒரு நிமிடம்.

முகம் நனையும்போது

ஸ்நார்கெலிங்கில் முகம் தண்ணீருக்குள் இருக்கிறது. முகம் குளிர்ந்து மூச்சை அடக்கும்போது இதயத்தை மெதுவாக ஓடச் சொல்லும் ஒரு கட்டளை பிறக்கிறது. தோல் குளிர்ந்தால் வேகமாக ஓடச் சொல்லும் கட்டளை பிறக்கிறது. இரண்டும் ஒரே நேரத்தில் வந்தால் இதயத் துடிப்பின் தாளம் தவறலாம் என்று பிரிட்டனின் மைக்கேல் ஷட்டாக், மைக் டிப்டன் ஆகிய ஆய்வாளர்கள் 2012-இல் விளக்கினார்கள். இதய நோய் உள்ளவர்களுக்கு இது விளையாட்டல்ல.

குழாய்க்கும் ஒரு கணக்கு உண்டு. நாம் வெளியே விட்ட காற்றில் கொஞ்சம் குழாயிலேயே தங்கி அடுத்த மூச்சோடு உள்ளே திரும்பும். மேலோட்டமாகப் படபடவென்று மூச்சு வாங்கினால் அந்தப் பழைய காற்றே சுற்றிச் சுற்றி வரும். நல்ல காற்று குறையும். ஆகவே குழாயைக் கடித்தவுடன் முதல் பாடம் நீச்சல் அல்ல: மெதுவாக இழுத்து, அதைவிட மெதுவாக விடுவது.

சில்ஃப்ரா சொல்லும் பாடம்

ஐஸ்லாந்தின் திங்வெட்லிர் தேசியப் பூங்காவில் சில்ஃப்ரா என்ற நீர்ப்பிளவு இருக்கிறது. பனியாறு உருகிய நீர் எரிமலைப் பாறைக்குள் வடிகட்டப்பட்டு அங்கே வந்து சேர்கிறது. தண்ணீரின் வெப்பம் ஆண்டு முழுவதும் 2 முதல் 4 டிகிரிக்குள். இருந்தும் முதன்முறையாக மிதப்பவர்கள் அங்கே போய்ப் பார்த்துவிட்டுப் பத்திரமாகத் திரும்புகிறார்கள்.

காரணம், ஏற்பாடு. உடம்பில் தண்ணீர் படாத டிரைசூட் போட்டு இறங்குகிறார்கள். நீச்சல் தெரிந்திருக்க வேண்டும். 12 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு அனுமதி இல்லை. ஒரு வழிகாட்டியின் பொறுப்பில் ஆறு பேருக்கு மேல் இறங்கக் கூடாது. வழிகாட்டி வழி காட்டுவதற்காக மட்டும் வருவதில்லை. யார் முகம் வெளுக்கிறது, யார் மூச்சு தப்புகிறது என்று பார்த்து, முதலில் கரையேற்றுவதுதான் அவருடைய முக்கிய வேலை.

அகளிப் பக்கம் கூடுதல் கவனம்

அட்டப்பாடியின் கிழக்குப் பகுதி மழைமறைவுப் பிரதேசம். மேற்கே சைலண்ட் வேலி பக்கத்து மலைகளில் கொட்டித் தீர்க்கும்போதும் அகளியில் வெயிலடிக்கலாம். தலைக்கு மேல் வானம் தெளிவாக இருக்கிறது என்பது ஆற்றுக்கு உத்தரவாதம் அல்ல. தண்ணீர் திடீரென்று கலங்கினால், சருகும் குச்சியும் மிதந்து வந்தால், இரைச்சல் கூடினால் பையை எடுக்கக்கூட நிற்காமல் மேடேறுங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை ஆற்றில் இறங்கும் எண்ணமே வேண்டாம்.

ஊர்ப் பிள்ளைகள் பாறையிலிருந்து குதிக்கிறார்கள் என்று நாமும் குதிக்கக் கூடாது. அடிக்கடி குளிர்ந்த நீரில் இறங்குபவர்களின் உடல் பழகி, குளிர் அதிர்ச்சி அவர்களுக்குக் குறைந்திருக்கும். ஆற்றின் சுழியும் பாறையும் அவர்களுக்கு அத்துப்படி. வார இறுதியில் வந்து இறங்கும் நமக்கு இரண்டும் கிடையாது. 'ஆழம் தெரியாமல் காலை விடாதே' என்ற பழமொழியை அங்கே இருமடங்கு நம்பலாம்.

நோய்களும் உண்டு. விலங்குகளின் சிறுநீர் கலந்த நீர், தோலிலுள்ள சிராய்ப்பு வழியாக எலிக்காய்ச்சலைக் கொண்டுவரும். காலில் புண் இருந்தால் இறங்காதீர்கள். அமீபா மூளைக்காய்ச்சல் கேரளத்தில் 2024, 2025 ஆண்டுகளில் பேசப்பட்டது. சூடேறித் தேங்கிய நன்னீரில் வாழும் அமீபா பெரும்பாலும் மூக்கு வழியாகத்தான் உள்ளே போகிறது. குடித்தால் இந்த நோய் வராது. கோடையில் குட்டையாகத் தேங்கி நிற்கும் இடங்களைத் தவிருங்கள். குளித்து இரண்டு வாரத்துக்குள் கடும் தலைவலி, காய்ச்சல், வாந்தி, கழுத்து விறைப்பு வந்தால் மருத்துவரிடம் 'ஆற்றில் குளித்தேன்' என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

யார் இறங்கக் கூடாது?

இதய நோய், கட்டுக்குள் இல்லாத ரத்த அழுத்தம், வலிப்பு, ஆஸ்துமா உள்ளவர்கள் மருத்துவர் சம்மதம் இல்லாமல் குளிர்ந்த நீரில் மிதக்க வேண்டாம். கர்ப்பிணிகளும் அப்படியே. சளி, காய்ச்சல் இருக்கும் நாளில் யாருக்கும் வேண்டாம். மது அருந்தியவர் கரையிலேயே இருக்கட்டும். மது சூடேற்றுவதாகத் தோன்றும். உண்மையில் தோலின் ரத்தநாளங்களை விரித்து உடல் சூட்டை வெளியே விட்டுவிடும்.

முதன்முறை மிதப்பவர்களுக்கு

• முதலில் நீச்சல் குளம், பிறகு வழிகாட்டியோடு வெதுவெதுப்பான கடல், கடைசியில்தான் குளிர்ந்த நீர். காட்டாறு பயிற்சிக் களம் அல்ல.

• முகக்கண்ணாடியை வாரில்லாமல் முகத்தில் அழுத்தி மூக்கால் லேசாகக் காற்றை இழுங்கள். கையை எடுத்த பிறகும் ஒட்டி நின்றால் அது உங்கள் அளவு. விழுந்தால் வேறு பாருங்கள்.

• குழாயில் தண்ணீர் புகுந்தால் 'ஃபூ' என்று பலமாக ஒரே ஊது. இதை இடுப்பளவுத் தண்ணீரில் நின்றபடி கை வரும்வரை பழகுங்கள்.

• உடல் சூட்டைக் காக்கும் வெட்சூட், லைஃப் ஜாக்கெட் இல்லாமல் குளிர்ந்த நீரில் இறங்காதீர்கள்.

• குதிக்காதீர்கள். கால், இடுப்பு, மார்பு என்று படிப்படியாக இறங்கி, முகத்தில் தண்ணீர் தெளித்து, மூச்சு சீரான பிறகே முகத்தை நனையுங்கள்.

• திணறினால் மல்லாந்து மிதந்து மூச்சு அடங்கும்வரை காத்திருங்கள். நீந்தப் பதறாதீர்கள்.

• நடுக்கம் தொடங்கினால் அன்றைய ஆட்டம் முடிந்தது.

கரையேறிய பின்

வெளியே வந்த பிறகும் சிறிது நேரம் உடலின் உள்வெப்பம் இறங்கிக்கொண்டே இருக்கும். ஈரத்துணியை உடனே மாற்றி, தலையைத் துவட்டி, மார்புக்கும் வயிற்றுக்கும் முதலில் சூடு கொடுங்கள். சர்க்கரை போட்ட கட்டன் சாயா (பால் சேர்க்காத தேநீர்) நல்லது. கைகாலைத் தேய்ப்பதும் சுடுநீரை ஊற்றுவதும் கூடாது. பேச்சு குழறினால், சட்டைப் பொத்தானைப் போட முடியாமல் விரல் தடுமாறினால் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள். அட்டப்பாடியில் கோட்டத்தறை அரசு பழங்குடியினர் சிறப்பு மருத்துவமனை இருக்கிறது, ஆம்புலன்சுக்கு 108.

நீரில் மூழ்கியவரைத் தலைகீழாகத் தொங்கவிடுவது, வயிற்றை அழுத்துவது இரண்டும் தவறு. மூச்சு இல்லையென்றால் வாயோடு வாய் வைத்து ஊதுவதும் மார்பை அழுத்துவதும் சேர்ந்து வேண்டும். இதை ஒரு முதலுதவி வகுப்பில் கற்றுக்கொண்டு பயணம் போங்கள். 2021-இல் மட்டும் உலகில் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்ததாக உலகச் சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. அவர்களில் நீச்சல் தெரிந்தவர்களும் உண்டு.

தேர்ந்த வழிகாட்டியும் சரியான உடையும் இருந்தால் குளிர்ந்த நீரில் துணிந்து மிதந்து பாருங்கள். இரண்டில் ஒன்று இல்லையென்றாலும், பவானியில் முழங்கால் அளவுத் தண்ணீர் போதும்.